கோட்டைக்கு வடக்கே: வாசகர் கேள்வி பதில்

சுதந்திரம் வந்து முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. புகையும் சாம்பலும் குப்பையும் இன்னும் வட சென்னைக்குத்தானே வருகின்றன? வெள்ளைக்காரனைக் குறை சொல்லிவிட்டால் போதுமா?
– வாசகி, திருவொற்றியூர்

போதாது. ஆனால் கதை அவனிடம்தான் தொடங்குகிறது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், அதை ஒட்டி வடக்கே கறுப்பர் நகரம். 1746இல் பிரெஞ்சுக்காரரிடம் போன கோட்டை 1749இல் ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது. பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்று பழைய கறுப்பர் நகரம் படிப்படியாக இடிக்கப்பட்டது. மக்கள் முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் தள்ளப்பட்டார்கள். இன்றைய உயர் நீதிமன்றம் நிற்பது அந்தப் பழைய நகரம் இருந்த மண்ணில்தான். 1911இல் பெயர் ஜார்ஜ் டவுன் ஆனது. 1856இல் ராயபுரம் ரயில் நிலையம், பிறகு துறைமுகம், பெரம்பூர்ப் பக்கம் பஞ்சாலைகள் என்று பாரம் தூக்கும் வேலையெல்லாம் வடக்கே குவிந்தது. துரைமார்களின் தோட்ட வீடுகள் நுங்கம்பாக்கத்திலும் அடையாற்றங்கரையிலும் எழுந்தன.

1947க்குப் பிறகு எடுத்த முடிவுகள் நம்முடையவை. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் வந்தது. கச்சா எண்ணெய்க்குத் துறைமுகம், நிலக்கரிக்கு ரயில், குளிர்விக்கக் கடல் தண்ணீர், சாம்பலைக் கொட்டப் புறம்போக்கு என்று தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நியாயம் இருக்கும். முதல் ஆலை வந்ததும் சுற்றியுள்ள நிலத்தின் விலை விழும். அதனாலேயே அடுத்த ஆலைக்கு அதுதான் மலிவான இடம். ஏற்றத்தாழ்வு தன்னைத் தானே வளர்த்துக்கொள்வது இப்படித்தான்.

உங்கள் பகுதியில் புதிய ஆலைக்கோ விரிவாக்கத்துக்கோ பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தால் கட்டாயம் போங்கள். ஆள் வராவிட்டால் கூட்டம் செல்லாது என்று பலர் நம்பி ஏமாறுகிறார்கள். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. காலி நாற்காலிகளோடும் கூட்டம் நடந்ததாகப் பதிவாகும். கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த நாட்களில் ஆலையின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தோடு நிற்காமல் முழு அறிக்கையையும் வாங்கிப் பாருங்கள். சுற்றுவட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கும் புகைபோக்கிகளின் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டார்களா, காற்றை எந்த மாதங்களில் அளந்தார்கள் என்ற இரண்டையும் முதலில் தேடுங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்து விளக்க வேண்டும். அதைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

மெரினாவில் அவ்வளவு மணல். காசிமேட்டில் ஏன் வெறும் கல்?
– வாசகர், காசிமேடு

இரண்டுக்கும் காரணம் ஒன்றே, துறைமுகம். நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அலை மணலை வடக்கு நோக்கித் தள்ளுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஆனால் மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். 1870களின் நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் போட்ட சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. தெற்கே மணல் தேங்கி மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. ஆனால் அலை அரிப்பது நிற்கவில்லை. கரையைக் காக்கக் கல் கொட்டினார்கள், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவரான தூண்டில் வளைவு போட்டார்கள். ஒரு தூண்டில் வளைவு தனக்குத் தெற்கே மணலைப் பிடித்துவைக்கும், வடக்கே உள்ள அடுத்த குப்பத்தை அரிக்கும். ஒரு நகரத்தின் உலாவுமிடமும் இன்னொரு பகுதியின் வீடிழப்பும் ஒரே கட்டுமானத்தின் இரண்டு பக்கங்கள். இந்தக் கணக்கைப் பள்ளிப் பாடத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

காலனியாக இருந்த மற்ற நாடுகளிலும் இப்படித்தானா?
– மாணவி, வியாசர்பாடி

ஆம், ஆனால் வழி வேறு. ஓரிடத்தில் கருவி நிலச் சட்டம், இன்னோரிடத்தில் ஈட்டுத்தொகை. தென்னாப்பிரிக்காவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 7 சதவீதத்தை மட்டும் ஒதுக்கியது. 1936இல் அது 13 சதவீதம் அளவுக்கு உயர்த்தப்பட்டது. 1994இல் எல்லோருக்கும் ஓட்டு வந்தது, ஆனால் ஓட்டோடு நிலம் கைமாறவில்லை. பிரெஞ்சுக் காலனியாக இருந்த ஹைட்டி 1804இல் விடுதலை பெற்றது. தோட்ட முதலாளிகளின் பறிபோன உடைமைக்கு ஈடு என்று 1825இல் பிரான்ஸ் அதனிடம் 15 கோடி பிராங்க் கேட்டது. அந்த உடைமையில் அடிமைகளாக இருந்த மனிதர்களும் அடக்கம்.

நாங்கள் இருப்பது புறம்போக்கு. 40 வருடமாக வீட்டு வரி, கரண்ட் பில் கட்டுகிறோம். காலி செய்யச் சொல்ல முடியுமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

சொல்ல முடியும். அதற்குப் பயன்படும் சட்டம் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். தனியார் உடைமை என்று காட்ட முடியாத நிலம் அரசுடையது என்ற அதன் 2ஆம் பிரிவு ஆங்கிலேயர் எழுதியது, இன்றும் நடப்பில் இருக்கிறது. நிலவரி வராத நிலம்தான் புறம்போக்கு. அங்கே தலைமுறையாக வலை உலர்த்தியவர்களும் குடியிருந்தவர்களும் உரிமையாளராக ஏட்டில் ஏறவே இல்லை.

வரி ரசீதும் மின் இணைப்பும் நீங்கள் அங்கே வசிப்பதைக் காட்டும், உரிமையைக் காட்டாது. வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்பதும் உரிமைக்குச் சான்றல்ல. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்தோடு வாங்கிய வீட்டுக்கும் இதேதான்.

முதலில் நகர நில அளவைப் பதிவேட்டில் உங்கள் இடத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். நீர்நிலை என்றிருந்தால் பட்டா கிடைப்பது மிகக் கடினம். ரயில்வே அல்லது துறைமுக நிலம் என்றால் தாசில்தாரால் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்தது, பலர் தேடாமலே விடுவது: 1971ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிகள் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி உங்கள் பகுதி அறிவிக்கப்பட்டிருக்கிறதா? அறிவிக்கப்பட்டிருந்தால், 29ஆம் பிரிவின்படி உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் உங்களை வெளியேற்ற வழக்குத் தொடர முடியாது.

இதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வெள்ளைத்தாளில், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (பழைய குடிசை மாற்று வாரியம்) பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, சர்வே எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். "ஏன் அறிவிக்கவில்லை?" என்று கேட்டால் மனு தட்டிக் கழிக்கப்படும். "அரசிதழ் அறிவிக்கையின் நகல் வேண்டும்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இதற்கிடையே 1905 சட்டத்தின் 7ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தால், வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், பதில் சொல்லும் நாட்கள் வீணாகும். கையெழுத்திட்டு வாங்கி, தேதியைக் குறித்துக்கொண்டு, கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்.