பயோமெட்ரிக் வைத்த பிறகு சம்பளம் குறைகிறதா? முதலில் பஞ்ச் ரிப்போர்ட்டைக் கேளுங்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: "கம்பெனியில் கைரேகை மிஷின் வைத்ததிலிருந்து சம்பளம் குறைகிறது. நான் லீவே போடவில்லை. கேட்டால் சிஸ்டம் அப்படித்தான் காட்டுது என்கிறார்கள். என்ன செய்வது?"

எனக்கு இதே கதை 2023-ல் நடந்தது. மணலியில் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். வீடு கொருக்குப்பேட்டை. ஏ ஷிஃப்ட் காலை 6 முதல் 2, பி ஷிஃப்ட் 2 முதல் 10, சி ஷிஃப்ட் இரவு 10 முதல் காலை 6. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். அதுவரை டைம் ஆபீஸ் அண்ணன்தான் மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) டிக் அடிப்பார். மார்ச் கடைசியில் மிஷின் வந்தது.

என் சம்பளம் அப்போது 15,600. மாதம் 26 நாள் கணக்கு, ஆக ஒரு நாளைக்கு 600. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. போகக் கையில் 13,611 வரும். ஏப்ரலுக்கு 13,087 வந்தது. "பி.எஃப். ஏத்திட்டானுங்க போல" என்றார் வெல்டர் மாமா. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மே மாதத்துக்கு 12,564 வந்தபோதுதான் சம்பளச் சீட்டை மேலிருந்து கீழ் வரை படித்தேன். பி.எஃப். ஏறவே இல்லை, 1,872 இருந்த இடத்தில் 1,728 ஆக இறங்கியிருந்தது. யாரும் பார்க்காத ஒரு மூலைக் கட்டத்தில் "வேலை நாள் 24" என்று இருந்தது.

எங்கள் வீட்டுச் சமையலறையில் மளிகைக் கடை காலண்டர் ஒன்று தொங்கும். பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி எல்லாம் அதில்தான். எனக்கு நைட் ஷிஃப்ட் வரும் நாட்களில் என் மனைவி மூலையில் "நை" என்று எழுதி வைப்பாள், ராத்திரிக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டுமே என்று. அதை வைத்து எண்ணினேன். ஏப்ரலில் ஒரு நைட் வாரம், ஒரு நாள் போயிருக்கிறது. மே மாதம் இரண்டு நைட் வாரம், இரண்டு நாள் போயிருக்கிறது. அந்தக் காலண்டரைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

டைம் ஆபீசுக்குப் போனேன். "மிஷின் இன்னா காட்டுதோ அதான்பா, நான் கையால ஒண்ணும் எழுதறதில்ல" என்றார் அண்ணன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கே தெரியாது. சம்பளத்தைப் பற்றிப் பேசாமல், "என் பஞ்ச் ரிப்போர்ட் மட்டும் ஒரு காப்பி கொடுங்கண்ணா" என்றேன். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு விரல் வைத்தோம் என்கிற நேரடிப் பதிவு அது. நீங்களும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சம்பளச் சீட்டு என்பது யாரோ போட்ட கணக்கின் விடை, கணக்கு இருப்பது பஞ்ச் ரிப்போர்ட்டில்.

அதில் பார்த்தது இது. திங்கள் இரவு 9.50-க்கு உள்ளே போகிறேன், செவ்வாய் காலை 6.05-க்கு வெளியே வருகிறேன். மிஷினுக்கு நள்ளிரவு 12 மணியோடு நாள் முடிந்துவிடுகிறது. அதனால் திங்கள்கிழமைக்கு ஒரே ஒரு பஞ்ச், "மிஸ் பஞ்ச்", ஆப்சென்ட். செவ்வாய்க்கிழமைக்குக் காலை 6.05, இரவு 9.50 என்று இரண்டு பஞ்ச். மிஷின் கணக்கில் நான் காலையில் வந்து இரவில் போனவன், 15 மணி 45 நிமிடம் வேலை! அதை எட்டு மணி நேரமாக வெட்டி ஒரு நாள் பிரசென்ட் போட்டுவிடும். சனி வரை இப்படியே. ஞாயிறு காலை ஒற்றைப் பஞ்ச், அது வார விடுமுறை, யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆறு இரவு வேலை, ஐந்து நாள் கூலி.

நடுவில் ஒரு நாள் லீவு போட்டவன் கதை இன்னும் மோசம். ஜூனில் வியாழன் இரவு ஒரு காதுகுத்துக்காக லீவு எடுத்தேன். வியாழனுக்கு வெளியே வந்த பஞ்ச் மட்டும், வெள்ளிக்கு உள்ளே போன பஞ்ச் மட்டும். திங்களையும் சேர்த்தால் மூன்று நாள் அவுட். ஐந்து இரவு உழைத்ததற்கு மூன்று நாள் சம்பளம்.

இதற்கெல்லாம் காரணம், சாஃப்ட்வேரில் சி ஷிஃப்ட் மறுநாள் காலை வரை நீளும் என்று யாரும் பதிந்து வைக்காததுதான். மிஷின் மாட்டியவர் பகல் ஷிஃப்டுக்கு ஏற்றபடி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எச்.ஆர்.-இல் சொன்னதும் ஒரு "மிஸ் பஞ்ச்" படிவத்தை நீட்டினார்கள். இங்கே கவனம். அதில் "பஞ்ச் செய்ய மறந்துவிட்டேன்" என்று முன்பே அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் தப்பு நம் பேரில் வந்துவிடும், மூன்று முறை ஆனால் மெமோ வேறு. நான் அந்த வரியை அடித்துவிட்டு, "பஞ்ச் செய்துள்ளேன், இரவு ஷிஃப்ட் இரண்டு தேதியாகப் பிரிந்து பதிவாகியுள்ளது" என்று எழுதிக் கொடுத்தேன். முறைத்தார்கள். வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் சரியாகவில்லை. ஜூலை முடியும்போது நான்கு மாதத்தில் ஆறு நைட் வாரம், மொத்தம் ஏழு நாள், 4,200 ரூபாய். ஆகஸ்டில் பதினொரு பேர் சேர்ந்து ஒரே கடிதம் எழுதினோம். யாரையும் திட்டவில்லை. பெயர், தேதி, உள்ளே போன நேரம், வந்த நேரம், கொடுத்தது, கொடுக்க வேண்டியது என்று ஒரு அட்டவணை. கூடவே நோட்டீஸ் போர்டில் ஒட்டிய ஷிஃப்ட் பட்டியலின் போட்டோ. இரண்டு காப்பி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டோம். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். செப்டம்பர் சம்பளத்தில் அரியர் வந்தது. அதற்குரிய பி.எஃப். பங்கும் வந்ததா என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், நாள் குறைந்தால் அதுவும் குறைந்திருக்கும்.

என் தாத்தா பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது அந்த மில் ஆட்களை வைத்துத்தான். மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அன்றைக்கு அவர்களுடைய குறைகளில் ஒன்று. நிமிஷக் கணக்குச் சண்டை நம்ம ஏரியாவுக்குப் புதுசில்லை.

உங்களுக்கு நைட் ஷிஃப்ட் இல்லையென்றால் வேறு இடத்தில் ஓட்டை இருக்கும். "மூணு லேட்டுக்கு அரை நாள் கட்" என்பது நிறைய இடங்களில் நடக்கிறது. எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் பத்து நிமிஷம் லேட் ஆவது சகஜம். என் சம்பளத்துக்குப் பத்து நிமிஷம் 12 ரூபாய் 50 காசு. மூன்று முறைக்கு 37.50. அதற்கு 300 ரூபாய் எடுப்பது எந்த ஊர் நியாயம்? வராத நேரத்துக்கு எவ்வளவோ அந்த விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே சொன்னது. ஓ.டி.யும் (ஓவர்டைம்) அப்படித்தான்: தொழிற்சாலையில் அது இரட்டைச் சம்பளம், கூடுதலாக வேலை செய்த 25 நிமிஷத்தைக் கணக்கில் பூஜ்யமாக்கினால் அதுவும் உங்கள் காசு. விரல் தேய்ந்து ரேகை விழாதவர்கள் வேறு விரலையும் பதியச் சொல்லுங்கள், இல்லையென்றால் கார்டு கேளுங்கள்.

கம்பெனி மசியாவிட்டால் தொழிலாளர் துறை, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமலே டி.எம்.எஸ். ஸ்டேஷனில் இறங்கலாம். நாங்கள் கேட்ட காலத்தில் சம்பளப் பிடித்தத்துக்கு மனுப் போட 12 மாதம்தான் கெடு. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் அது 3 ஆண்டு. குறைவாகக் கொடுத்ததாக மனுப் போட்டால், முழுசாகக் கொடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது. அதற்காக நீங்கள் எழுதி வைத்த தேதி, நேரக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி. ஆலைத் தொழிலாளி என்ற தகுதியே அதற்குப் போதும்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இதே பணம் வர டிசம்பர் ஆனது. காண்ட்ராக்டர் கம்பெனியைக் கைகாட்டினார், கம்பெனி காண்ட்ராக்டரைக் கைகாட்டியது. காண்ட்ராக்டர் குறைத்துக் கொடுத்தால் மீதியைக் கம்பெனிதான் தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்ததை எடுத்துக் காட்டிய பிறகுதான் பேச்சு அடங்கியது. ஒன்பது பேரில் ஆறு பேர் வாங்கினார்கள். ஒடிசாக்காரப் பையன்கள் மூன்று பேர் அதற்குள் வேலையை விட்டு ஊருக்குப் போயிருந்தார்கள். லிஸ்டில் அவர்கள் பேருக்கு நேராக ஆளுக்கு 1,800 என்று என் கையெழுத்தில்தான் எழுதினேன். அது கடைசி வரை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.