பதினோராம் பக்கத்து ஈரக் கால்தடம்

தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு வணக்கம்.

"பி.காம் படிக்கிற பொண்ணு ராத்திரியெல்லாம் பேய்க்கதை எழுதுது சார், இது சோறு போடுமா?" என்று கேட்டீர்கள். கதை மட்டுமே எழுதிக் குடும்பம் நடத்துகிறவர்கள் தமிழில் ரொம்பக் குறைவு. டிகிரியை முடிக்கட்டும், அதில் பேச்சே இல்லை.

ஆனால் நோட்டைப் படித்துப் பார்த்தேன். அது பேய்க்கதை இல்லை அம்மா. காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. வீட்டில் தினமும் அவனுக்கும் சேர்த்து ஒரு தட்டு வைக்கிறார்கள். முதல் பத்துப் பக்கம் அவ்வளவுதான், அருமை. பதினோராம் பக்கத்தில் திடீரென்று வாசற்படியில் ஈரக் கால்தடம்! ஏன் என்று கேட்டால், "ஆப்ல ஹாரர்னு போட்டாதான் சார் படிக்கிறாங்க" என்கிறாள்.

அவளைத் திட்டாதீர்கள். வகைப் பெயர் என்பது கடைக்காரர் அலமாரியில் ஒட்டுகிற சீட்டு. போகப்போக எழுதுகிறவர் கையையும் அதுவே பிடித்து இழுக்கும். இத்தாலியில் 1929ல் மொண்டடோரி பதிப்பகம் துப்பறியும் கதைகளை மஞ்சள் அட்டையில் போட்டது. இன்றைக்கும் அங்கே அந்த வகைக் கதைக்குப் பெயரே 'மஞ்சள்'தான். நம்மூர் மாத நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டுக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும். வண்டி கிளம்புவதற்குள் அட்டையைப் பார்த்தே வாங்கியாக வேண்டும். அதனால் க்ரைம் என்றால் சீக்கிரமே பிணம் விழ வேண்டும், குடும்ப நாவல் என்றால் முடிவில் மனசு ஆற வேண்டும். இதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. அந்தக் கட்டுக்குள் ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். அது தனி உழைப்பு.

நம் பகுதிக்கும் ஒரு சீட்டு ஒட்டிவிட்டார்களே! வடசென்னைக் கதை என்றால் கத்தி, ரத்தம், குத்துச்சண்டை. ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவருக்கு அதில் இடம் கிடையாது. உங்கள் மகளின் கதையில் மீன் வெட்டுகிற கத்தியைத் தவிர வேறு கத்தியே இல்லை. எனக்கு முதலில் பிடித்தது அதுதான்.

சரி, என்ன செய்யலாம்? கதையை அதன் போக்கில் முடிக்கட்டும், பெயர் அப்புறம். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஏற்றும்போது மூன்று பிரிவு வரை தேர்ந்தெடுக்கலாம், ஏழு தேடுசொற்களும் கொடுக்கலாம். அந்த இடத்தில் வியாபார மூளையைக் காட்டட்டும். பின்னட்டைக் குறிப்பு எழுதுவது, மெய்ப்புப் பார்ப்பது (அச்சுக்கு முன் பிழை திருத்துவது), ஒலிக்கதைக்கு வசனம் எழுதுவது என்று இந்த வாசிப்பை வைத்துச் சம்பாதிக்கவும் வழி உண்டு. பி.காம் படித்தவள் ராயல்டி கணக்கிலும் ஏமாறமாட்டாள்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பதினோராம் பக்கத்தில் அந்தக் கால்தடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன்: "அந்தத் தட்டை யார் கழுவுகிறார்கள்?"