சாரணர் முகாமும் பெற்றோரின் தயக்கமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. சாரணர் குழுவில் ஆர்வத்தோடு இருக்கிறான். இந்த ஆண்டு குழுவுக்குப் பொறுப்பேற்றிருப்பவர் தன்பாலீர்ப்பாளர். அதை அவர் மறைப்பதில்லை. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், பிள்ளைகளுக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. ஆனால் இரவு தங்கும் முகாம் ஒன்று அறிவிக்கப்பட்டதும் சில பெற்றோர் தயங்குகிறார்கள். நானும்தான். எனக்கு யார்மீதும் வெறுப்பில்லை. பெண் பிள்ளைகளை ஓர் ஆணின் பொறுப்பில் இரவு முகாமுக்கு அனுப்புவோமா? அதே எச்சரிக்கை இங்கே மட்டும் எப்படித் தவறாகும்? அமெரிக்கச் சாரணர் அமைப்பே நெடுங்காலம் இவர்களைத் தலைவர்களாக ஏற்கவில்லையே, காரணமில்லாமலா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விகளில் வலுவானது பெண் பிள்ளைகளைப் பற்றியது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பெண் பிள்ளைகளை ஓர் ஆணின் தனிப்பொறுப்பில் இரவு முகாமுக்கு அனுப்பக் கூடாதுதான். ஆண் பிள்ளைகளையும், மணமாகிக் குழந்தைகளோடு வாழும் ஓர் ஆணின் தனிப்பொறுப்பில் அப்படி அனுப்பக் கூடாது. எந்தப் பெரியவரும் பிறர் பார்வைக்கு அப்பால் பிள்ளைகளோடு தனித்திருக்கக் கூடாது என்பதே நான் ஏற்கும் விதி. நீங்கள் எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை. அந்த எச்சரிக்கை முழுவதையும் ஒரே மனிதர்மீது செலவிட்டுவிட்டு மற்றவர்களிடம் நிம்மதியாக இருந்துவிடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. நீங்கள் குறிப்பிடும் அமெரிக்கச் சாரணர் அமைப்பின் வரலாறே இதற்குப் போதுமான சான்று.

ஜேம்ஸ் டேல் எட்டு வயதில் சாரணர் இயக்கத்தில் சேர்ந்து, 1988-இல் அதன் உச்சத் தகுதியான ஈகிள் ஸ்கவுட் நிலையை அடைந்து, நியூ ஜெர்சியில் ஒரு குழுவின் துணைத் தலைவராகப் பணியாற்றியவர். 1990-இல், தன்பாலீர்ப்புள்ள பதின்வயதினரின் மனநலம் பற்றிய கருத்தரங்கு ஒன்றில் அவர் கலந்துகொண்டதை ஒட்டி நாளிதழில் அவருடைய பேட்டி வெளிவந்தது. அதே மாதத்தில் அவருடைய உறுப்பினர் தகுதி பறிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. பிள்ளைகளிடம் அவர் நடந்துகொண்ட விதம் பற்றி ஒரு குற்றச்சாட்டும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2000-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அமைப்புக்குச் சாதகமாக முடிந்தது. அந்தத் தீர்ப்புகூடப் பிள்ளைகளின் பாதுகாப்பை அடிப்படையாகக் கொண்டதன்று. தன் கொள்கைக்கு ஒவ்வாதவரை ஏற்கும்படி ஒரு தனியார் அமைப்பைச் சட்டம் கட்டாயப்படுத்தலாமா என்பதையே நீதிபதிகள் ஆராய்ந்தார்கள். ஆகவே நீங்கள் ஊகிக்கும் காரணத்துக்கு அந்த வழக்கில் ஆதாரம் தேட முடியாது.

இதே அமைப்பிடம், சிறார்களிடம் அத்துமீறியதாகச் சந்தேகிக்கப்பட்ட பெரியவர்கள் பற்றிய ரகசியக் கோப்புகள் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்துகொண்டிருந்தன. ஓரிகன் மாநில நீதிமன்ற உத்தரவின்படி 2012-இல் 1,200-க்கும் மேற்பட்ட கோப்புகள் வெளிவந்தபோது, பல சம்பவங்கள் காவல்துறைக்குத் தெரிவிக்கப்படாமலே மூடப்பட்டிருந்தது தெரியவந்தது. 2020-இல் அமைப்பு திவால் மனு அளித்தது. சிறுவயதில் தமக்கு நேர்ந்த கொடுமைக்காக 82,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கோரினர். சுமார் 246 கோடி டாலருக்குத் தீர்வு காணப்பட்டது. அந்தக் கொடுமைகளில் மிகப் பெரும்பாலானவை, தன்பாலீர்ப்பாளர் எவரும் வெளிப்படையாகத் தலைவராக இருக்க முடியாத காலத்தில் நடந்தவை. டேல் போன்ற ஒருவரை வெளியேற்றியதும் பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று எத்தனை பெற்றோர் நம்பியிருப்பார்கள் என்று நினைக்கையில் எனக்கு மனம் பதறுகிறது.

சிறுவர்களிடம் அத்துமீறுபவர் ஆண் என்றால் அவர் தன்பாலீர்ப்பாளர்தானே என்று நீங்கள் கேட்கலாம். குழந்தைகள்மீது பாலியல் நாட்டம் கொள்வது வேறு. வயதுவந்த ஓர் ஆண் வயதுவந்த இன்னோர் ஆணை விரும்புவது வேறு. சிறுவர்களைச் சீரழித்தவர்களில் மனைவி மக்களோடு வாழ்ந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. டென்வரில் பாலியல் கொடுமைக்கு ஆளாகி மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளைப் பற்றி 1994-இல் வெளியான ஆய்வில், பெரியவர் இன்னார் என்று தெரிந்த 269 நிகழ்வுகளில் தன்பாலீர்ப்பாளர் என அடையாளம் காணத்தக்கவர்கள் இரண்டு பேர் மட்டுமே.

பிள்ளைகளைக் காப்பவை மிகச் சாதாரணமாகத் தோன்றும் நடைமுறைகள். எந்த நிகழ்ச்சியிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் உடனிருக்க வேண்டும் என்பது இன்று அமெரிக்கச் சாரணர் அமைப்பின் விதி. பெரியவர் எவரும் தம் சொந்தப் பிள்ளையல்லாத பிள்ளையோடு ஒரே கூடாரத்தில் படுக்கக் கூடாது; குளிக்கும் இடமும் நேரமும் தனித்தனி. நள்ளிரவில் ஒரு சிறுவன் வயிற்றுவலி என்று எழுந்து வந்தால், தலைவர் இன்னொரு பெரியவரை எழுப்பிவிட்டுத்தான் அவனைக் கவனிக்க வேண்டும். பிள்ளைக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாலும் அதில் இன்னொரு பொறுப்பாளரோ பெற்றோரோ சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். இந்த விதிகள் யார் யாரை விரும்புகிறார் என்று கேட்பதில்லை.

தடை ஒரே நாளில் விலகவில்லை. 2013-இல் தன்பாலீர்ப்புள்ள சிறுவர்களைச் சேர்க்க முடிவெடுத்தார்கள், பெரியவர்களுக்கான தடை நீடித்தது. பதினேழு வயதில் தம்பிகளுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்துப் பாராட்டுப் பெற்ற பையன், பதினெட்டு முடிந்து தலைவராக வரக் கேட்டால் தகுதியற்றவன் என்று அதற்குப் பொருள். 2015 ஜூலையில் அந்தத் தடையும் நீங்கியது. மதநிறுவனங்கள் நடத்தும் குழுக்கள் மட்டும் தங்கள் நம்பிக்கைப்படி தலைவர்களைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். சட்டப்படி அந்த விலக்கைப் புரிந்துகொள்கிறேன். மனதார ஏற்க என்னால் இயலவில்லை.

ஏனெனில் அந்தக் குழுக்களிலும் தன்னைப் பற்றிக் குழம்பி, யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கும் சிறுவன் ஒருவன் இருக்கக்கூடும். தன்னைப் போன்ற ஒருவர் மதிப்போடும் பொறுப்போடும் வாழ்வதை அவன் கண்ணால் காண்பது அவனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். மேலும், தடை இருந்தால் இத்தகையவர்கள் இல்லாமல் போய்விடுவதில்லை. உண்மையைச் சொல்பவர் வெளியேறுகிறார், மறைப்பவர் தொடர்கிறார். நேர்மையைக் கற்பிக்க வந்த இயக்கத்துக்கு இது எப்படிப் பொருந்தும்?

முகாமுக்கு முன்பு குழுவின் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்: உடன்வரும் மற்ற பெரியவர்கள் யார், அனைவரின் பின்னணியும் சரிபார்க்கப்பட்டதா, கூடாரங்கள் எப்படிப் பிரிக்கப்படுகின்றன, பிள்ளை புகார் சொல்ல விரும்பினால் யாரிடம் போக வேண்டும், பெற்றோர் ஒருவர் உடன்வரலாமா. கேள்விகளைப் புதிய தலைவரிடம் மட்டும் வைக்காமல், சென்ற ஆண்டு முகாம் நடத்தியவரிடமும் வையுங்கள். பதில்கள் திருப்தியாக இருந்தால் மகனை அனுப்புங்கள். இயன்றால் நீங்களும் உடன்செல்லுங்கள். எந்தப் பெரியவரிடமிருந்தும் சங்கடம் நேர்ந்தால் தயங்காமல் உங்களிடம் சொல்லலாம், நீங்கள் அவனை நம்புவீர்கள் என்பதைப் புறப்படும் முன் அவனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.