கட்டுரை நோட்டுக்கு மார்க் போடறது: ஆறா எட்டான்னு எப்படி முடிவு பண்றது?

ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க: "கட்டுரை நோட்டு திருத்தும்போது முதல் பத்து நோட்டுக்கு கறாரா போடறேன், கடைசில கை தாராளமாயிடுது. எழுத்துப்பிழைக்கு எவ்ளோ குறைக்கறதுன்னும் புரியல. 'அவனுக்கு எட்டு, எனக்கு ஏன் ஆறு'ன்னு ஒரு பிள்ள கேட்டா பதில் சொல்ல வரல. என்ன பண்றது?"

இது உங்க ஒருத்தருக்கு மட்டும் நடக்கறது இல்லீங்க. 1912-ல அமெரிக்கால ஸ்டார்ச், எலியட்னு ரெண்டு பேரு ஒரே விடைத்தாள பல ஸ்கூல் இங்கிலீஷ் டீச்சர்களுக்கு அனுப்பி மார்க் கேட்டாங்க, ஒரே தாளுக்கு 64-ம் விழுந்துச்சு 98-ம் விழுந்துச்சு. அப்புறம் 1961-ல டீடெரிக்னு ஒருத்தரும் அவரு கூட இருந்தவங்களும் 300 கட்டுரைய 53 பேர்கிட்ட குடுத்து ஒன்பது தரமா பிரிக்கச் சொன்னாங்க, 94 சதவீத கட்டுரைங்களுக்கு குறைஞ்சது ஏழு வெவ்வேற தரம் கிடைச்சுது. அந்தக் கட்டுரைங்கள திருத்தினவங்க எழுதின குறிப்புகள அலசினதுல காரணமும் தெரிஞ்சுது, சிலர் கருத்த மட்டும் பாக்கறாங்க, சிலர் பிழைய, சிலர் அமைப்ப, இன்னும் சிலர் சொல்லையோ நடையையோ. உங்களுக்கும் இதேதான் நடக்குது, பத்தாவது நோட்டுல பிழைய தேடறீங்க, முப்பதாவதுல கருத்து இருந்தா போதும்னு விட்டுடறீங்க.

ஒரு உதாரணம் பாருங்க. தலைப்பு மழை. ஒரு பிள்ள எழுதுது: "மழை இயற்கையின் கொடை. மழை இல்லையேல் உயிர்கள் இல்லை. எனவே மழையைப் போற்றுவோம்." ஒரு பிழை கிடையாது. இன்னொண்ணு: "மழ வந்தா கூறைல சத்தம் ஜாஸ்தி, அம்மா பேசறது கேக்காது, வாய் அசயறது மட்டும் தெறியும்." ர, ற குழப்பம், ஐகாரம் விட்டுப்போச்சு, பேச்சுநடை வேற. சிவப்பு பேனா கைல இருந்தா ரெண்டாவதுதான் கம்மியாகும். ஆனா தானா பாத்து எழுதினது ரெண்டாவது பிள்ளதான், முதலாவது எங்கயோ மனப்பாடம் பண்ணத அப்படியே இறக்கி வச்சிருக்கு. இத ஒரே மார்க்ல அடக்கப் பாத்தா ரெண்டு பேருக்குமே அநியாயம்.

அதனால பத்த பிரிச்சுடுங்க, உதாரணத்துக்கு கருத்துக்கு நாலு, அமைப்புக்கு மூணு, மொழிக்கு மூணு, இத எழுத வைக்கறதுக்கு முன்னாடியே கிளாஸ்ல சொல்லிடணும். அப்போ முதல் பிள்ளைக்கு மொழில மூணு, கருத்துல ஒண்ணு, ரெண்டாவதுக்கு கருத்துல நாலு, மொழில ஒண்ணுன்னு போகும். ஒரே பிழை அஞ்சு தடவ வந்தாலும் ஒரே பிழைதான், அஞ்சு தடவ குறைக்காதீங்க, ர-ற ல தடுமாறுதுன்னு ஒரு வரி எழுதி அத மட்டும் திருத்த வைங்க.

கை தாராளமாறதுக்கு நல்ல மருந்து மாதிரித் தாள். மார்க் போட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பேனா இல்லாம ஒரு புரட்டு புரட்டி நல்லது, நடுத்தரம், சுமார்னு மூணு நோட்ட எடுத்து மேசைமேல வச்சிடுங்க, பத்து நோட்டுக்கு ஒரு தடவ அதோட ஒப்பிட்டுப் பாருங்க. பேர் தெரியாம மடிச்சு வச்சு திருத்தினா இன்னும் நல்லது, "இது நல்லா படிக்கற பிள்ள"ங்கற நினைப்பு மார்க்க இழுத்துட்டுப் போயிடும். அழகான கையெழுத்தும் அப்படித்தான்.

தினப்படி பயிற்சிக்கு மார்க்கே வேணாம்னு சொல்வேன், இதுல எனக்கு உறுதியான கருத்து இருக்கு. 1988-ல ரூத் பட்லர் பண்ண ஆய்வுல குறிப்பு மட்டும் வாங்கின பிள்ளைங்க முன்னேறினாங்க, குறிப்போட மார்க்கும் வாங்கினவங்களுக்கு அந்தப் பலன் இல்ல. நம்பர் இருந்தா கண்ணு அங்கதான் போகும், நீங்க எழுதினத யாரு படிப்பா?

அந்த ஆறு மார்க் பிள்ள கேட்டா, நல்ல மாதிரித் தாள பேர மறைச்சு அதுகிட்டயே குடுத்து, உன்னோடதுல இல்லாதது இதுல என்ன இருக்குன்னு கேளுங்க. பெரும்பாலும் அதுவே கண்டுபிடிச்சு சொல்லிடும்.