குளிரில் தாகமே எடுப்பதில்லை, தண்ணீர் குடித்துத்தான் ஆகணுமா?

கேள்வி: வயது 44. கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். குளிரில் தாகமே எடுப்பதில்லை, நாலு வேளை டீயோடு சரி. ஒரு மாதமாகச் சிறுநீர் அடர் மஞ்சளாகக் கடுத்துப் போகிறது, அடிக்கடி தலைவலி. மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுவதால் கிருமி சாகாது என்கிறார்களே, உண்மையா டாக்டர்?

பதில்: அம்மா, ஒரு மாதக் கடுப்பை இனியும் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரும் சர்க்கரையும் பரிசோதித்துவிடுங்கள். காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் இன்றைக்கே போங்கள்.

இனி தாகம். குளிரில் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்ளே ஒதுங்குவதால், தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது என்று உடம்பு தப்பாகக் கணக்குப் போட்டு, தாகத்தைக் குறைத்து, சிறுநீரை அதிகமாக வெளியேற்றுகிறது. காலையில் பேசும்போது வாயிலிருந்து புகை மாதிரி வருகிறதே, அது உங்கள் உடம்புத் தண்ணீர்தான். மூட்டையோடு மேடேறும்போது ஸ்வெட்டருக்குள் வியர்ப்பதும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாக உடம்பிலிருந்து சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், அதனால் நனைந்த உள்சட்டையை உடனே மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின்னூட்டம், ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின்னூட்டம். உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் அதில் கரைவது இதனால்தான். ரத்தம் சத்தைக் கொண்டுபோவதும் சிறுநீரகம் கழிவைத் தள்ளுவதும் இந்தக் கரைசலில்தான் நடக்கிறது, நீங்கள் எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் அன்றாடக் கழிவைக் கரைத்து வெளியேற்ற அரை லிட்டர் சிறுநீராவது வேண்டும். கொஞ்சம் தண்ணீரில் நிறைய உப்பைக் கொட்டினால் அடியில் தங்கிவிடும் இல்லையா? அதே போலத்தான் சிறுநீரில் கால்சியமும் ஆக்சலேட் என்ற உப்பும் படிந்து கல்லாகின்றன. டீயும் தண்ணீர்க் கணக்கில் வரும், ஆனால் கடுங்காப்பி மாதிரி இறங்கிய டீயில் ஆக்சலேட் உண்டு, அதை மட்டும் நம்பவேண்டாம்.

தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்தே தண்ணீரைத் தொடாத பெண்கள் பலர். உங்களுக்கும் அப்படியென்றால் தயங்காமல் கேளுங்கள், குடிநீரும் கழிப்பறையும் தரவேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அடக்கி வைப்பது கிருமித் தொற்றுக்கு வழிவிடும்.

எழுந்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு தாகத்துக்குக் காத்திருக்காமல் ஒவ்வொரு முறை கொழுந்தை எடை போடும்போதும் கொஞ்சம். டீ, கஞ்சி, ரசம் சேர்த்து நாளைக்கு 2 லிட்டர் போல வந்தால் சரி. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

அப்புறம் அந்தக் கொதிக்கும் சந்தேகம். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் உங்கள் ஊரில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதிக்கும். பருப்பு வேக நேரமாவது இதனால்தான். ஆனால் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் 70 டிகிரியைத் தாண்டினாலே சாக ஆரம்பித்துவிடும். தளதளவென்று கொதி வந்த பிறகு 3 நிமிடம் விட்டு இறக்குங்கள், அதே பாத்திரத்தில் மூடி ஆறவைத்து, கை படாமல் கரண்டியால் மொண்டு குடியுங்கள்.