வீட்டில் செய்யும் இனிப்பு பிரெட் ஏன் மெத்தென்று வருவதில்லை? மாவு உப்புவது என்றால் என்ன?

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடு வாயுவை விடுகிறது, அந்த வாயு வெளியேறாமல் மாவுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. மாவு உப்புவது என்பது இவ்வளவுதான். முதல் வேலையை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது, ஏனென்றால் மைதாவில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து, பிசையப் பிசைய குளூட்டன் என்ற இழுபடும் வலையாக மாறுகிறது.

பலூனை நினைத்துப் பாருங்கள். ரப்பர் நன்றாக இழுபட்டால்தான் பெரிதாக ஊத முடியும், விறைப்பாக இருந்தால் ஊதவே வராது. அதனால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடாமல் பிசையுங்கள். சிறு துண்டை விரலால் விரித்தால் கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக வர வேண்டும். கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மைதா தூவாதீர்கள், பிரெட் கல் மாதிரி ஆவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்!

சரி, இனிப்பு? 500 கிராம் மைதாவுக்கு 50 கிராம் சர்க்கரை போதும். ரொம்பக் கூடினால் சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ஈஸ்ட் மந்தமாகிவிடும். பால் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிக்கும் பால் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். வெண்ணெயைக் கடைசியில் சேருங்கள். அப்புறம் கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள், இரண்டு மடங்காகும் வரை காத்திருங்கள்.

ஈஸ்ட் அதிகம் போட்டால் பிரெட் இன்னும் மெத்தென்று வரும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மாவு அவசரமாக உப்பி, அமுங்கி, ஈஸ்ட் வாடைதான் மிஞ்சும்.