கருமணலும் சி.டி. ஸ்கேனும்: வாசகர் கேள்விகளுக்கு ரேடியாலஜி மருத்துவரின் பதில்

மணவாளக்குறிச்சியிலிருந்து ஒரு மகள்: "எங்கள் மண்ணிலேயே கதிர்வீச்சு. அம்மாவுக்கு வயிற்றில் சி.டி. வேறு எடுக்கச் சொல்கிறார்கள். தாங்குமா?"

தாங்கும். உங்கள் கடற்கரைக் கருமணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில், கதிர்வீசும் தோரியம் இருப்பது உண்மை. உலகில் ஒருவருக்கு இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது. கருமணல் பகுதிகளில் அதைவிடக் கூடுதல். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 அல்லது அதற்கும் கீழே. வயிற்று சி.டி.க்கு 8 முதல் 10 வரை ஆகும், அதாவது மூன்று நான்கு ஆண்டுகளின் இயற்கை அளவு ஒரே நாளில். சின்ன அளவு என்று சொல்லமாட்டேன். ஆனால் குடல் அடைப்போ கட்டியோ என்று சந்தேகம் இருக்கும்போது, எடுக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. மெஷினை அணைத்ததும் கதிரும் நின்றுவிடும், உடம்பில் தங்காது. "எதற்கும் ஒரு சி.டி. எடுத்துப் பார்ப்போம்" என்று நீங்களாகக் கேட்டு வந்தால் மட்டும் நான் திருப்பி அனுப்புவேன்.

குளச்சல் வாசகர்: "இறால் சாப்பிட்டால் உடம்பு தடித்துவிடும். சி.டி.க்கு மருந்து ஊசி போடலாமா?"

போடலாம். இந்த ஊசி மருந்தில் அயோடின் உண்டு, அதனால்தான் இந்தப் பயம். ஆனால் இறாலில் ஒத்துக்கொள்ளாதது அதன் புரதம், அயோடின் அல்ல. மீன் தின்னும் ஊரில் இந்தப் பயம் எப்படிப் பரவியதோ! முன்பு இதே ஊசிக்குத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், ஆஸ்துமாவையும் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் என்றால், சிறுநீரகம் பலவீனமாக இருக்கும்போது 48 மணி நேரம் அதை நிறுத்தச் சொல்வோம்.

மார்த்தாண்டத்திலிருந்து: "வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் வா என்றார்கள். ஒரு ஏத்தம்பழம் தின்றால் என்ன?"

பித்தப்பை சுருங்கிவிடும். அப்புறம் கல் இருந்தாலும் சரியாகத் தெரியாது. ஆறு மணி நேரம் பொறுங்கள். கர்ப்பப்பை ஸ்கேன் என்றால் தண்ணீர் குடித்து, மூத்திரம் முட்டும்வரை இருங்கள்.

தக்கலை வெல்டிங் தொழிலாளி: "எம்.ஆர்.ஐ.க்கு எதையெல்லாம் கழற்ற வேண்டும்?"

உலோகம் எல்லாவற்றையும். எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் இருப்பது பெரிய காந்தம். அது ஸ்கேன் ஓடாதபோதும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். எல்லாம் கழற்றியாயிற்று என்று ஒரு பெரியவர் சொன்னார். வேட்டி முடிச்சுக்குள் அரைஞாண் கயிறு, அதில் ஒரு தாயத்து. வெள்ளியைக் காந்தம் இழுக்காதுதான். ஆனால் உள்ளே எதை வைத்து அடைத்திருக்கிறது என்பது கட்டிவிட்டவருக்குத்தான் வெளிச்சம். உங்கள் விஷயம் இன்னொன்று: எப்போதாவது கண்ணில் இரும்புத் துகள் தெறித்ததுண்டா? அப்படியென்றால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். காந்தம் அதை அசைத்தால் பார்வை போய்விடும். பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டையைக் காட்டாமல் அறைக்குள் நுழையாதீர்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: "பழைய படங்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா?"

வேண்டாம். நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தால் நான் முதலில் கேட்பது, "போன வருஷப் படம் இருக்கிறதா?" என்றுதான். சுருட்டி ரப்பர் பேண்ட் மாட்டாமல், பிரித்தபடியே கவரில் வையுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் எதுவும் தெரியாது.